மாண்ட்ரியல் பனிக்காலமும் மொரிஷியஸ் தைப்பூசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் எனக்குத் தொலைபேசி வர ஆரம்பித்துவிடும். நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். கணவர் மொரிஷியஸ் ரோஸ் ஹில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. குடியிருப்பது கனடாவின் மாண்ட்ரியலில். குளிர்காலத்தின் நடுவில் மாமியார் வீட்டுக்கு வந்துபோவது எங்கள் வழக்கம். அதனால் மாண்ட்ரியல் தமிழர்கள் தீவைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள், தீவில் உள்ள உறவுக்காரர்கள் பனியைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை ரோஸ் ஹில்லில் உட்கார்ந்து எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. "மொரிஷியஸ்லயும் ஜனவரின்னா குளிர்தானே? அப்புறம் எதுக்கு அங்க போறீங்க?"

மொரிஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 டிகிரியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கிறது. மார்கழியும் தையும் இங்கே நடுக்கோடை. கடலோரத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடும், இரவிலும் 24ஐ ஒட்டியே இருக்கும், கடல்நீரே 27 டிகிரி. இங்கே குளிர்காலம் என்பது ஜூலை, ஆகஸ்ட். கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூர்ப்பிப் ஊரில் அந்த மாதங்களில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். பனி ஒருநாளும் விழாது.

2. "அக்கா, எந்த மாசம் போறது நல்லது? டிக்கெட் விலையும் பாக்கோணும், பிள்ளையளின்ர பள்ளிக்கூடமும் பாக்கோணும்."

வானிலையை மட்டும் பார்த்தால் அக்டோபரும் நவம்பரும்தான் அருமையான மாதங்கள். மழை குறைவு, புயல் அரிது, நவம்பர் கடைசியில் லிச்சிப் பழம் வந்துவிடும், மயில்கொன்றை மரங்கள் சிவக்கத் தொடங்கும். ஆனால் மாண்ட்ரியலில் குளிர் இன்னும் கடிக்கத் தொடங்காத நேரம் அது. குளிரைத் தாங்க முடியாமல் வருகிறவர்களுக்கு ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்தான் பொருத்தம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிநாட்டில் வாழும் மொரிஷியஸ்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்புவார்கள், பிரான்சிலிருந்து சுற்றுலாப் பயணிகளும் வந்து குவிவார்கள். அந்த இரண்டு வாரம் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும், பொங்கல் நெருங்கும்போது இறங்கும்.

நான் சொல்வது ஒன்றுதான்: தைப்பூசத்தை நடுவில் வைத்துத் தேதி போடுங்கள். பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று ஆண்டுக்கு ஆண்டு நகரும். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது சிரமம்தான். தொடக்கப்பள்ளி வயது என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிப் பாடங்களை வாங்கிக்கொண்டு வரலாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்வு நேரத்தில் இழுத்துவர வேண்டாம். அவர்களுக்கு மார்ச் தொடக்கத்து விடுமுறை வாரம் இருக்கிறது, ஒரு வாரத்துக்கு இவ்வளவு தூரம் வருவது உடம்புக்குத்தான் பாடு.

3. "சித்தி, மைனஸ் இருபது டிகிரி என்றால் உடம்புக்கு உண்மையில் என்ன ஆகும்?"

கதவைத் திறந்து முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் இருக்கும் மயிர் விறைக்கும். கண்ணில் நீர் வரும், அது இமையில் உறையும். ஐந்து நிமிடத்தில் விரல் நுனியும் காது மடலும் வலிக்கும். அந்த வலி நல்லது, இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வலி நின்று மரத்துப்போய், தோல் வெளுத்தால்தான் ஆபத்து. உடனே வீட்டுக்குள் வந்து, விரலை அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது என்பதால் அடுப்பில் காட்டவும் கூடாது.

வெப்பமானி காட்டும் எண்ணை விடக் காற்றுதான் முக்கியம். மைனஸ் 20இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். மாண்ட்ரியலில் ஜனவரி மாதச் சராசரி மைனஸ் 10ஐ ஒட்டி இருக்கும். விமான நிலையத்தில் பதிவான மிகக் கடுங்குளிர் 1957 ஜனவரியில் மைனஸ் 37.8.

ஆனாலும் வெயிலடிக்கும் மைனஸ் 20 நாள் எனக்குப் பிடிக்கும். வானம் நீலமாக இருக்கும், காலடியில் பனி நொறுங்கும். மனிதரைப் படுத்துவது சுழியத்தை ஒட்டிய நாட்கள்தான். பகலில் உருகிய நீர் இரவில் கண்ணாடியாக உறைந்து, நடைபாதையில் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. கை கால் ஒடிந்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாட்களில் விழுந்தவர்கள்.

4. "செப்டம்பரில் மாண்ட்ரியலில் படிக்க வருகிறேன். குளிர் உடைகளை மொரிஷியஸிலேயே வாங்கிவிடலாமா?"

வேண்டாம், தம்பி. இங்கே கிடைக்கும் கனத்த கோட்டு கூர்ப்பிப் குளிருக்குச் செய்தது. காசை வைத்துக்கொண்டு அங்கே போய் அக்டோபருக்குள் வாங்கு. பயன்படுத்திய துணி விற்கும் கடைகளில் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். காலணியை மட்டும் புதிதாக வாங்கு.

உடை மூன்று அடுக்காக இருக்க வேண்டும். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் கனமான ஃப்ளீஸ் அல்லது கம்பளி, வெளியே காற்றுப் புகாத கோட்டு. உள்ளே பருத்தி பனியன் போடாதே. வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். ஐந்து விரலும் பிரிந்த கையுறையை விட, விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடு.

5. "வீட்டுக்குள்ளேயும் நடுங்கிக்கொண்டுதான் இருப்பீர்களா?"

இல்லை. வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருக்கும். ஜூலை மாதத்தில் ரோஸ் ஹில் வீட்டில் எனக்கு எடுக்கும் குளிர்கூட மாண்ட்ரியல் வீட்டுக்குள் இருக்காது, இங்கேதான் வீட்டைச் சூடாக்கும் வழக்கமே இல்லையே. நகரின் நடுப்பகுதியில் மெட்ரோ நிலையங்களையும் கடைகளையும் அலுவலகங்களையும் இணைத்துத் தரைக்கடியில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நடைவழி ஓடுகிறது. தொல்லை வறட்சிதான். சூடாக்கிய காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் வரும். குளித்தவுடன் ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஈரப்பதக் கருவி வைத்தால் 30 முதல் 40 சதவீதம் போதும், அதற்கு மேல் போனால் ஜன்னலோரம் பூஞ்சை பிடிக்கும்.

6. "நவம்பர் வந்தாலே எதுலயும் மனசு ஒட்டல. தூங்கிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு. இது சோம்பேறித்தனமா, நோயா?"

சோம்பேறித்தனம் இல்லை. இதைச் சத்தமாகச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன். டிசம்பர் 21ஐ ஒட்டி மாண்ட்ரியலில் பகல்பொழுது 8 மணி 42 நிமிடம்தான். மாலை நாலேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவதால், இருட்டு ஒரே நாளில் வந்து விழுந்தது போல இருக்கும். கண்ணுக்குள் போகும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை உடம்பின் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. அது குறைந்தால் சிலருக்குத் தூக்கம் கூடும், சோறும் இனிப்பும் கேட்கும், எடை ஏறும், ஆட்களைப் பார்க்கவே பிடிக்காது. பருவகால மனச்சோர்வு என்று 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதை மருத்துவ உலகில் விவரித்து எழுதினார்கள்.

பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கு கடைகளில் கிடைக்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து காப்பி குடியுங்கள், விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம். கண்நோய் உள்ளவர்களும், மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நடப்பதும் உதவும்.

கைக்குழந்தையோடு வீட்டுக்குள் இருக்கும் புதுமணப் பெண்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. "ஊர்ல நாங்க படாத கஷ்டமா" என்று அவர்கள் வாயை அடைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் கனடாவில் எந்த நேரமும் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

7. "ரெண்டு வாரம் வெயில்ல காஞ்சா அந்த வருஷக் குளிருக்கே வைட்டமின் டி சேர்ந்துடும்ல?"

சேராது. உடம்பில் சேரும் வைட்டமின் டி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். பிப்ரவரியில் வாங்கிய வெயில் ஏப்ரல் வரைகூட முழுதாக நிற்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாண்ட்ரியல் வெயிலில் தோல் அதை உண்டாக்குவது அரிது. நம் கறுத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வெயில் தேவை. கனடாவின் சுகாதாரத் துறை ஒரு வயது முதல் 70 வயது வரை நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகும் (IU), அதற்கு மேல் 800 அலகும் சொல்கிறது. பாலில் கலந்துதான் விற்கிறார்கள். பால் அதிகம் குடிக்காதவர்கள் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மனச்சோர்வுக்கும் இதே பதில்தான். தீவில் இருக்கும்வரை முகம் தெளிந்திருக்கும், திரும்பிய சில நாளில் பழைய சோர்வு எட்டிப் பார்க்கும். ஆகவே 6ஆம் பதிலில் சொன்ன விளக்கைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

8. "எவ்வளவு நேரப் பயணம்? அங்க போய்ப் பகல்ல தூங்கிட்டே இருப்போமா?"

நேரடி விமானம் கிடையாது. பாரிஸ் வழியாக என்றால் ஏழு மணி நேரமும் பதினொன்றரை மணி நேரமும். துபாய் வழியாக என்றால் முதல் பறத்தல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி, அடுத்தது ஆறரை. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு முழு நாள். பனிக்காலத்தில் விமானத்தின் இறக்கையில் படிந்த பனியை மருந்து தெளித்து நீக்கிய பிறகே கிளப்புவார்கள், அதனால் தாமதம் சாதாரணம். இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுங்கள்.

குளிர்காலத்தில் நேர வித்தியாசம் ஒன்பது மணி. கிழக்கு நோக்கிப் போவது மேற்கே வருவதை விட உடம்புக்குக் கடினம். இறங்கிய மூன்று நான்கு நாள் நள்ளிரவில் விழித்துக்கிடப்பீர்கள். காலையில் வெளியே நடந்து, மதியம் அரை மணிக்கு மேல் தூங்காமல் இருந்தால் ஒரு வாரத்தில் சரியாகும். வெப்பத்துக்குப் பழகுவது தனி, அதற்கு பத்துப் பதினான்கு நாள் ஆகும். முதல் வாரம் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

9. "கோட்டும் பூட்ஸும் என்ன பண்றது? பெட்டியில பாதி இடம் அதுக்கே போயிடுதே?"

மடிக்கும் இறகுக் கோட்டு ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாதாரண மூடிய காலணியும் கம்பளிக் காலுறையும் போட்டு விமான நிலையம் போகலாம். திரும்பும்போது தொப்பி, மிட்டன், காலுறை ஆகியவற்றைக் கைப்பையின் மேலாக வையுங்கள். பெட்டி பாரிஸில் தங்கிவிட்டால் மைனஸ் 20இல் செருப்போடு நிற்க வேண்டிவரும். கூட்டிப் போக வருபவரிடம் பூட்ஸைக் கொண்டுவரச் சொல்வது நல்ல ஏற்பாடு.

10. "வீட்டைப் பூட்டிட்டு மூணு வாரம் போனா தண்ணிக் குழாய் வெடிச்சுடும்னு சொல்றாங்களே?"

வெடிக்கலாம். சூட்டை முழுக்க அணைத்துவிட்டுப் போனால் குழாயில் நிற்கும் நீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளக்கும், உருகும்போது வீடு முழுக்கத் தண்ணீர். சூட்டை 15 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் பெரிய வால்வை மூடுங்கள், பிறகு குழாய்களைத் திறந்து மிச்ச நீரை வடியவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பல காப்பீட்டு ஒப்பந்தங்களில், குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டை இன்னொருவர் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதை மீறினால் பணம் வராது. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு நண்பரிடம் சாவி கொடுங்கள்.

காரைத் தெருவில் விடவே வேண்டாம். பனி அள்ளும் முன் ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகை நடுவார்கள், அப்புறம் சைரன் ஊதிக்கொண்டு இழுவை வண்டி வரும். நீங்கள் ரோஸ் ஹில்லில் இருந்தால் அந்தச் சைரன் காதில் விழாது. கார் வேறு தெருவில் கிடக்கும், அபராதமும் சேர்ந்திருக்கும்.

11. "நீண்ட நாள் வெளிநாட்டில இருந்தா மெடிக்கேர் அட்டை போயிடுமா?"

மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விதி இது: ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, மாகாணத்துக்கு வெளியே 183 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஆண்டுக்கான உரிமை போகும். ஆனால் தொடர்ந்து 21 நாளோ அதற்குக் குறைவாகவோ போகும் பயணங்கள் இந்தக் கணக்கில் சேராது. மூன்று வாரப் பயணத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அட்டை இருக்கிறது என்பதற்காகக் காப்பீடு எடுக்காமல் வராதீர்கள். கனடாவுக்கு வெளியே மருத்துவமனையில் படுத்தால் மாகாணம் தரும் தொகை நாளுக்கு 100 டாலர் வரைதான். மீதி உங்கள் கையிலிருந்து.

12. "ஜனவரி, பிப்ரவரில அங்க புயல் அடிக்குமாமே? பயமா இல்லையா?"

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், ஜனவரியும் பிப்ரவரியும் அதன் நடு. 1960 பிப்ரவரியில் வந்த கரோல் புயலையும் 1975 பிப்ரவரியில் வந்த ஜெர்வேஸ் புயலையும் பெரியவர்கள் இன்னும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். தகரக் கூரையும் மரச்சுவரும் போய் இந்தத் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகியதற்குக் கரோல் முக்கியக் காரணம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் தலைநகர் போர்ட் லூயி வெள்ளக்காடாகி, கார்கள் தெருவில் மிதந்தன.

எச்சரிக்கை நான்கு வகுப்பாக வரும். முதல் வகுப்பு என்றால் புயல் வர ஒன்றரை இரண்டு நாள் இருக்கிறது, தண்ணீரும் மெழுகுவர்த்தியும் ரொட்டியும் வாங்கிவைக்க வேண்டிய நேரம். மூன்றாம் வகுப்பில் கடை, பேருந்து எல்லாம் நின்று எல்லோரும் வீட்டுக்குள். நான்காம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டது. நடுவில் திடீரென்று காற்று நின்றாலும் கதவைத் திறக்காதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் கடக்கிறது, சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.

பயத்தால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுங்கள், திரும்பி வந்து வேலையில் சேர்வதற்கு முன் இரண்டு நாளாவது இடைவெளி வையுங்கள். புயலென்றால் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள்.

13. "கடற்கரை விடுதியில தங்கவா, ஊருக்குள்ள தங்கவா?"

நம்மவர்கள் பலர் ஏழு நாள் விடுதி, அங்கேயே மூன்று வேளைச் சாப்பாடு, அங்கேயே கடல் என்று இருந்துவிட்டுப் போகிறார்கள். மனம் நொந்து சொல்கிறேன், அப்படி வருவதற்கு இந்தத் தீவு வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயி கட்டப்பட்டதில் பங்கு கொண்டவர்கள். 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களிலும் தமிழர் உண்டு. அவர்கள் கரையேறிய ஆப்ரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். நம் ஆட்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழும் மண்ணில் சுற்றுலாப் பயணியாக மட்டும் நின்றுவிட்டுப் போகலாமா?

ரோஸ் ஹில்லிலோ காத்ர் போர்னிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். போர்ட் லூயியிலிருந்து கூர்ப்பிப் வரை மெட்ரோ ரயில் இரண்டு ஊரையும் தொட்டுப் போகிறது. காலையில் தெருமுனையில் தால் பூரியும் மிளகாய் வடையும் சுடச்சுடக் கிடைக்கும். கடல் எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரம்.

14. "தைப்பூசத்துக்கு வெளியூர்க்காரங்க காவடி எடுக்கலாமா? விரதம் பத்து நாள்னு சொல்றாங்க, நாங்க நடுவுல வந்து இறங்குவோம்."

எடுக்கலாம். தைப்பூசக் காவடி மொரிஷியஸில் அரசு விடுமுறை. கொடியேறியதும் பத்து நாள் விரதம். மீன், இறைச்சி கிடையாது, மது கிடையாது, வீடே சுத்தமாக இருக்கும். பூசத்தன்று காலையில் ஆற்றங்கரையில் குளித்துப் பூசை முடித்து, தென்னங்குருத்தும் பூவும் கட்டிய மரக்காவடியின் இரு பக்கமும் பால் செம்பைத் தொங்கவிட்டுப் புறப்படுவார்கள். இளஞ்சிவப்புச் சேலையும் வேட்டியுமாகத் தெரு நிறைந்துவிடும். கன்னத்திலும் நாக்கிலும் அலகு, முதுகில் எலுமிச்சம்பழம் கோத்த கொக்கிகள், சிலர் ஆணிச் செருப்பு. செம்பில் உள்ள பால் கோவில் சேரும்வரை திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம் என்று நம்பிக்கை. காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குப் படியேறும் கூட்டத்தை ஒருமுறையாவது பாருங்கள். மறுபடி மறுபடி வருவீர்கள்.

பத்து நாளுக்கு முன்பே வந்துவிடுவதுதான் முறை. முடியாதென்றால் மாண்ட்ரியலிலேயே கொடியேறும் நாளன்று விரதத்தைத் தொடங்கிவிட்டு, காவடி எடுக்கப்போகும் கோவிலுக்கு முன்பே தெரிவியுங்கள். பெயர் பதிந்துகொள்வார்கள், அலகு பற்றிக் குருக்கள் சொல்வதே முடிவு. 8ஆம் பதிலில் சொன்ன தூக்கக் கலக்கம், பழகாத வெயில், அரைவயிறு மூன்றும் சேர்ந்தால் தார்ச்சாலையில் மயங்கி விழுவீர்கள். வந்து இறங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை என்றால் அந்த ஆண்டு பால்குடம் மட்டும் எடுங்கள். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பூசை முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறிச் சாப்பாடு போடுவார்கள். இங்கே அதற்குச் "செத் காரி" என்று பெயர். யார் வந்தாலும் இலை உண்டு, கூச்சப்படாமல் உட்காருங்கள்.

15. "அங்க இருக்கிற தமிழர்களோட தமிழ்லயே பேச முடியுமா?"

பெரும்பாலும் முடியாது. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான் ஓடும். பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாகப் படித்தவர்களும், 1970இல் மோக்காவில் தொடங்கிய மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்தவர்களும் அழகான எழுத்துத் தமிழில் பேசுவார்கள். அவர்களிடம் மெதுவாகப் பேசுங்கள், பேசும்போது சிரித்துவிடாதீர்கள். தமிழ் வாயில் இல்லாதவர்களும் தேவாரத்தையும் திருப்புகழையும் மனப்பாடமாகப் பாடுவார்கள். நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. 100 ரூபாய்த் தாளில் இருக்கும் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் ஒரு தமிழர். 1998இல் புதிய பணத்தாள்களில் தமிழின் இடத்தை மாற்றி அச்சிட்டபோது இங்கே எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். மொழி மீது இவர்களுக்கு உள்ள பற்றை அளக்க இது போதும்.

16. "கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன பண்ணும்? கடல்ல எங்க வேணா இறங்கலாமா?"

ஜனவரி 20ஐ ஒட்டி நண்பகல் 12.20க்கு இங்கே சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். நாலு மாதம் கோட்டுக்குள் இருந்த தோலுக்கு அது அதிகம். கறுப்புத் தோலும் வெந்து உரியும். பத்து மணிக்கு முன்பும் மூன்று மணிக்குப் பின்பும் கடலுக்குப் போங்கள், களிம்பு எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல் இருக்கட்டும்.

தீவைச் சுற்றிப் பவளத்திட்டு இருப்பதால் உள்பக்கக் கடல் பெரும்பாலும் அமைதியானது. திட்டு உடைந்திருக்கும் இடங்களில் இழுப்பு பலம், ஊர்க்காரர் இறங்காத இடத்தில் இறங்காதீர்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முள் குத்தினால் உயிர்போகிற வலி. ரப்பர் காலணி போட்டே இறங்குங்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

17. "அம்மாவை ஒரு தடவை பனி காட்டக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். ஜனவரியில் சரிதானே?"

எழுபதைத் தாண்டியவர் என்றால் ஜனவரியில் வேண்டாம். 3ஆம் பதிலில் சொன்ன கண்ணாடிப் பனியில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு போகும். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும், இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. அதைவிடக் கொடுமை தனிமை. நீங்கள் வேலைக்குப் போனபின் நாலு மணிக்கே இருட்டும் வீட்டில் அவர் தனியாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

பனிதான் பார்க்க வேண்டும் என்றால் மார்ச் மாதம் கூட்டிப் போங்கள். தரையில் பனி கிடக்கும், பகல் நீண்டிருக்கும், மேப்பிள் சாறு காய்ச்சும் குடில்கள் திறந்திருக்கும். காலணியில் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். பனி அள்ளும் மண்வெட்டியை மாத்திரம் பெரியவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். குளிரில் அந்த வேலை செய்து மாரடைப்பு வந்தவர்கள் உண்டு.

18. "அலகு குத்தின காயத்தோட ஃப்ளைட் ஏறி மைனஸ்ல போய் இறங்கலாமா?"

பூசத்துக்கு மறுநாளே கிளம்பாதீர்கள். நாலைந்து நாள் இடைவெளி விட்டால் சிறு துளைகள் மூடிவிடும். புறப்படும் முன்பே டெட்டனஸ் தடுப்பூசி பத்து ஆண்டுக்குள் போட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ விமானம் ஏறும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்னத்துக் காயத்தை விட எனக்குக் காலைப் பற்றித்தான் கவலை. சூடேறிய தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து பாதம் கொப்பளித்திருக்கும். அதோடு இறுக்கமான பூட்ஸ் போட்டால் கொப்புளம் உடையும், ஈரமாகும், ஈரக் கால் சீக்கிரம் உறையும். ஒரு அளவு பெரிய பூட்ஸும் இரண்டு ஜோடிக் காலுறையும் எடுத்துவைத்துவிட்டு வாருங்கள்.

19. "திரும்பி வந்த முதல் வாரம் அழுகையா வருது. போகாமலே இருந்திருக்கலாமோன்னு தோணுது."

இதைச் சொல்பவர்கள் நிறைய. ஐம்பது டிகிரி வித்தியாசத்தை ஒரே நாளில் கடக்கிறோம், கூட்டத்திலிருந்து தனிமைக்கும் வருகிறோம். வெள்ளிக்கிழமை வந்து இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். உறைபெட்டியில் சாம்பாரும் குழம்பும் முன்பே வைத்துவிட்டுப் போங்கள். முதல் சனிக்கிழமையே யாரையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். பிப்ரவரி பிற்பாதியில் மாண்ட்ரியல் பகல் நாளுக்கு மூன்று நிமிடம் நீள்கிறது, அது உங்கள் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளை மோன் ரோயால் மலைமேல் சறுக்குக் காலணி போட அழைத்துப் போங்கள். குளிரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் அது அதிகம் கனக்கிறது.

20. "வேலை கம்ப்யூட்டர்லதானே, நாலு மாசமும் அங்கயே இருந்துட்டா என்ன?"

வழி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் 2020 முதல் மொரிஷியஸ் ஓராண்டு பிரீமியம் விசா தருகிறது. ஆனால் உங்கள் நிறுவனம் நாட்டுக்கு வெளியிலிருந்து வேலை செய்ய எழுத்தில் அனுமதி தர வேண்டும், வரியைக் கணக்காளரிடம் கேட்க வேண்டும், 11ஆம் பதிலில் சொன்ன 183 நாள் கணக்கை எழுதிவைக்க வேண்டும், 10ஆம் பதிலில் சொன்ன வீட்டை நாலு மாதம் பார்க்க ஆள் வேண்டும்.

ஓய்வுபெற்றவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன், வாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு மூன்று வாரம் போதும். அவர்களுடைய சிநேகிதர்கள் எல்லோரும் அந்தப் பனியில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.